சரக்கு வண்டியில் சுமை ஏறிய வரலாறு

தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு டில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறியவர்களுக்கு எழும்பூரும் சென்ட்ரலும் ஒரு நெடும் பிரயாணத்தின் இரு கரைகளாக நினைவில் நிற்கும். தெற்கேயிருந்து மீட்டர் பாதையில் வந்த வண்டி எழும்பூரோடு நின்றுவிடும். வடக்கே செல்லும் அகலப் பாதை வண்டி சென்ட்ரலிலிருந்து புறப்படும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை. ஆயினும் பெட்டி படுக்கைகளோடும் குழந்தைகளோடும் அத்தூரத்தைக் கடந்தவர்கள் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

1990-ஆம் ஆண்டில் என் தகப்பனாருக்கு டில்லிக்கு மாற்றலாயிற்று. கும்பகோணத்திலிருந்து வீட்டுச் சாமான்களைப் பார்சலில் அனுப்பினோம். அவற்றுள் ஒரு மரப்பெட்டியில் வைக்கோலைச் சுற்றிலும் அடைத்து, என் பாட்டி கொடுத்த கடாரங்காய் ஊறுகாய் ஜாடியை அம்மா வைத்திருந்தாள். டில்லியில் பெட்டியைத் திறந்தபோது ஜாடி இரண்டாகப் பிளந்திருந்தது. "யார் போட்டு உடைத்தார்களோ?" என்று அம்மா வருந்தினாள். தகப்பனார் கோபிக்கவில்லை, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வீட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து பார்சல் கொட்டகைக்கு, அங்கிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து எழும்பூர்ப் பிளாட்பாரத்துக்கு, அங்கிருந்து கைவண்டிக்கு, கைவண்டியிலிருந்து சென்ட்ரல் கொட்டகைக்கு, மறுபடி ரயிலுக்கு, டில்லியில் மறுபடி பிளாட்பாரத்துக்கு, பிறகு டெம்போவுக்கு, கடைசியில் வீட்டுக்கு. "பத்து முறை தூக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்பது முறை தாங்கியதே பெரிது" என்றார்.

சரக்குப் போக்குவரத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பத்து விரல்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ரயிலின் வரலாறு என்றால் நாம் எஞ்சினின் வேகத்தையும் பாலங்களின் நீளத்தையும் பற்றியே பேசுகிறோம். ஆனால் சரக்கின் காலமும் பணமும் பெரும்பாலும் செலவாவது வண்டி ஓடும்போது அன்று, வண்டி நிற்கும்போது. ஏற்றுவதும் இறக்குவதும் மாற்றுவதுமே அதன் உண்மையான தடைகள். அத்தடைகளை நீக்க மனிதன் செய்த முயற்சியே, இன்று யந்திரம் தானாகவே சரக்கை எடுத்து ரயில் வேகனுக்குள் அடுக்கும் நிலை வரையில் வந்திருக்கிறது.

இந்த வரலாறு இங்கிலாந்தில் ஒரு சண்டையோடு தொடங்குகிறது எனலாம். அங்கே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காகப் புருனெல் என்னும் பொறியியல் மேதை ஏழடிக்குச் சற்று அதிகமான அகலத்தில் தண்டவாளம் அமைத்தார். மற்ற ரயில்வேக்கள் பெரும்பாலும் நான்கடி எட்டரை அங்குல அகலத்தைக் கைக்கொண்டன. 1844-ஆம் ஆண்டில் இவ்விரு வகைப் பாதைகளும் குளஸ்டர் நகரில் சந்தித்தன. அங்கே ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குக் கையால் மாற்றப்பட வேண்டியதாயிற்று. நிலைமையை நேரில் காணப் பாராளுமன்றக் குழுவினர் வந்தபோது, குழப்பம் போதாது என்று எண்ணிய சரக்கு அதிகாரி ஒருவர், ஏற்கெனவே வேலை முடிந்த இரண்டு ரயில்களின் சரக்கையும் மீண்டும் இறக்கச் செய்து கூச்சலை அதிகப்படுத்தினார் என்று ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் பலன் கிட்டியது. 1846-ஆம் ஆண்டில் பாதை அகலத்தை ஒழுங்கு செய்யும் சட்டம் பிறந்தது. கிரேட் வெஸ்டர்னின் அகலப் பாதை 1892-ஆம் ஆண்டு மே மாதத்தில் முற்றிலும் மறைந்தது.

இங்கிலாந்து இப்பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்தியா அதை மறந்தது. டல்ஹௌஸி பிரபு நாடெங்கும் ஒரே அகலம் வேண்டும் என்று வற்புறுத்தினார்; ஐந்தடி ஆறங்குலம் என்று முடிவாயிற்று. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிய முதல் பிரயாணிகள் ரயில் அந்த அகலத்திலேயே ஓடிற்று. ஆனால் 1870-ஆம் ஆண்டில், மேயோ பிரபுவின் காலத்தில், செலவைக் குறைப்பதற்காக மீட்டர் பாதையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதன் விளைவைத் தமிழ்நாடு நன்கு அறியும். நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே 1862-ஆம் ஆண்டுக்குள் அமைந்த பாதை முதலில் அகலப் பாதையாகவே இருந்தது. 1870-களில் அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் அதையே மறுபடியும் அகலப்படுத்தினார்கள்.

பாதை அமைப்பதில் மிச்சம் பிடித்த பணம் சரக்கை மாற்றுவதில் கரைந்தது. இரு பாதைகளும் கூடும் இடங்களில் எல்லாம் மாற்று நிலையங்கள் தோன்றின. 1959-ஆம் ஆண்டில் மொகாமா அருகே கங்கையின்மீது ராஜேந்திர பாலம் திறக்கப்பட்டு, அகலப் பாதை வடகரையை அடைந்தபோது, அங்கிருந்த மீட்டர் பாதையோடு சரக்கை மாற்றிக்கொள்ளக் கரஹராவில் மிகப் பெரிய யார்டு ஒன்று வளர்ந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று அதைச் சொல்வதுண்டு. நிலக்கரியும் கோதுமையும் சிமெண்டும் அங்கே ஆயிரக்கணக்கான மனிதர்களின் தலையிலும் தோளிலும் ஒரு வேகனிலிருந்து மற்றொரு வேகனுக்குச் சென்றன. 1992-ஆம் ஆண்டில் நாடெங்கும் ஒரே பாதை என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே அத்தகைய யார்டுகளின் தேவை படிப்படியாக மறைந்தது.

இனி, யந்திரம் இந்தத் துறையில் எவ்வாறு நுழைந்தது என்று பார்ப்போம். வேகனில் சரக்கேற்றும் வேலையில் யந்திரத்துக்கு முதலில் கட்டுப்பட்டவை உருவமில்லாத பொருள்களே. நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் தமக்கென ஒரு வடிவம் இல்லை. ஏற்றும் பாத்திரத்தின் வடிவத்தையே அவை ஏற்றுக்கொள்ளும். எனவே மேலிருந்து கொட்டினால் போதும். கீழே திறந்துவிட்டால் இறங்கிவிடும். 1960-களின் நடுவில் பிரிட்டனில், சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் இடையே நிற்காமலே சுற்றிச் சுற்றி வரும் நிலக்கரி ரயில்கள் ஓடத் தொடங்கின. மெல்ல நகரும் வண்டியில் மேலிருந்து கரி கொட்டும். மின் நிலையத்தில் அடிக்கதவுகள் திறந்து கரி விழும். நம் நாட்டிலும் சிங்ரௌலி போன்ற அனல்மின் நிலையங்களுக்கு இம்முறையில் கரி செல்கிறது. விசாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் வேகனையே பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கும் யந்திரங்கள் உண்டு.

தொல்லை கொடுத்தவை உருவமுள்ள பொருள்கள். மூட்டை, பெட்டி, பீப்பாய், கூடை, கட்டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஒவ்வொன்றுக்கும் வேறு பிடி, வேறு எடை. மனிதக் கை இவை அனைத்துக்கும் வளைந்து கொடுக்கும். யந்திரக் கைக்கு அந்தச் சாமர்த்தியம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஆகவே, பல வடிவங்களைப் பற்றக்கூடிய யந்திரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, எல்லாப் பொருள்களுக்கும் கீழே ஒரே வடிவத்தை வைத்துவிடுவது என்ற யோசனை பிறந்தது. அந்த ஒரே வடிவந்தான் பாலெட் என்னும் பலகைத் தட்டு.

பாலெட் மிக எளிய பொருள். சில மரப்பலகைகளை மேலே அடித்து, கீழே கட்டைகளை வைத்து, நடுவில் இடைவெளி விட்டால் அதுவே பாலெட். அந்த இடைவெளியில் ஃபோர்க்லிஃப்ட் யந்திரம் தன் இரு இரும்பு விரல்களை நுழைத்து, மேலே அடுக்கியிருக்கும் முழுச் சுமையையும் ஒரே தடவையில் தூக்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க ரயில்வேத் தொழில் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கணக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. டப்பாவில் அடைத்த உணவுப் பண்டங்கள் கொண்ட 13,000 பெட்டிகளை ரயில் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க மூன்று நாள்கள் ஆயின. அதே அளவு சரக்கு பாலெட்டுகளின்மீது வந்தபோது நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

இத்தகைய வசதியைக் கண்டும் உலகம் உடனே மாறிவிடவில்லை, மாற்றியது யுத்தம். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் அமெரிக்க ராணுவமும் கடற்படையும் வெடிமருந்தையும் உணவையும் பாலெட்டுகளில் அடுக்கிக் கடல் கடந்து அனுப்பின. யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் ஆஸ்திரேலியாவில் விட்டுச் சென்ற பாலெட்டுகளையும் ஃபோர்க்லிஃப்ட்களையும் கொண்டு, அந்நாட்டு அரசாங்கம் 1946-ஆம் ஆண்டில் ஒரு பொதுச் சேமத்தை ஏற்படுத்தியது. வேண்டியவர்கள் வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். பாலெட்டை ஒவ்வொருவரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை என்னும் கருத்து அவ்வாறு வேரூன்றியது. 1958-ஆம் ஆண்டில் அச்சேமம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஐரோப்பாவில் இக்கருத்தை எடுத்துக்கொண்டவை ரயில்வேக்களே. ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குச் சரக்கு பாலெட்டோடு சென்றால், காலி பாலெட் திரும்பி வருவது எப்படி? ஒவ்வொரு பாலெட்டையும் தேடி வரவழைத்தால் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். இதற்கு 1961-ஆம் ஆண்டில் சர்வதேச ரயில்வேச் சங்கத்தின் மூலம் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பாலெட்டின் அளவு 800-க்கு 1,200 மில்லிமீட்டர். உயரம் 144 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 25 கிலோ. எத்தனை பலகை, எத்தனை கட்டை, எத்தனை ஆணி என்பதுவரை எழுதி வைத்தார்கள். ஆணிகள் 78. இவ்வளவும் ஒன்றாக இருந்தால் எந்த பாலெட்டும் எந்த பாலெட்டுக்கும் ஈடாகும். சரக்கோடு பத்து பாலெட் கொடுத்தவருக்கு வேறு பத்து பாலெட்டை அப்போதே கொடுத்துவிடலாம். "என்னுடையது எங்கே?" என்று கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது பரஸ்பர நம்பிக்கையே.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஓர் அலுவலகத்தில் ஒரு சொல்லும் மற்றோர் அலுவலகத்தில் வேறொரு சொல்லும் வழங்கினால், ஒவ்வொரு தாளும் இடையில் ஒருமுறை நின்று மாற்றி எழுதப்பட்டே செல்லும். அதுவும் ஒருவகைக் கரஹரா யார்டுதான். எல்லோரும் ஒரே சொல்லை ஏற்றுக்கொண்டால் தாள் தடையின்றி ஓடும். பாலெட்டின் 78 ஆணிகளைப் பற்றிப் படித்தபோது, அவற்றை எண்ணி எழுதி வைத்தவர்களின் சிரமம் எனக்கு நன்றாகவே விளங்கிற்று.

இந்தச் சமயத்தில் பாலெட்டுக்கு ஒரு பெரிய போட்டி எழுந்தது. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளியின் கப்பல் ஒன்று, லாரிகளிலிருந்து கழற்றிய 58 இரும்புப் பெட்டிகளைச் சுமந்து நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றது. கையால் ஏற்றினால் டன்னுக்கு ஏறத்தாழ ஆறு டாலர் ஆகக்கூடிய வேலை அன்று 16 சென்டுக்குள் முடிந்தது. இதுவே கன்டெய்னரின் பிறப்பு என்று பொதுவாகக் கூறுவர். 1968-ஆம் ஆண்டில் சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் அதன் அளவுகளை வகுத்தது. நம் ரயில்வேயும் 1966-ஆம் ஆண்டிலேயே பம்பாய்க்கும் ஆமதாபாத்துக்கும் இடையே தன் சொந்தக் கன்டெய்னர்களை விட்டுப் பார்த்தது. 1973-ஆம் ஆண்டில் சர்வதேச அளவுள்ள கன்டெய்னர் கொச்சித் துறைமுகத்தில் வந்திறங்கியது. 1988-ஆம் ஆண்டில் இதற்கெனவே இந்தியக் கன்டெய்னர் கழகம் நிறுவப்பட்டது. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில், ஹரியானாவின் ரேவாரிக்கும் ராஜஸ்தானத்தின் மதாருக்கும் இடையே, ஒன்றன்மேல் ஒன்றாகக் கன்டெய்னர்களை அடுக்கிய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மின்சார ரயில் ஓடிற்று.

ஆனால் கன்டெய்னர் ஏற்றுமதி வேலையை ஒழித்துவிடவில்லை, இடம் மாற்றியது. அந்தப் பெட்டிக்குள்ளும் யாராவது சரக்கை அடுக்கத்தானே வேண்டும்? இங்கே இரண்டு உடன்பாடுகளுக்குள் ஒரு முரண்பாடும் வெளிப்பட்டது. கன்டெய்னரின் உள் அகலம் 2,350 மில்லிமீட்டர் அளவே. ஐரோப்பிய பாலெட்டுகள் இரண்டை நீளவாட்டில் அருகருகே வைத்தால் 2,400 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஐம்பது மில்லிமீட்டர் குறைவு! ஆகவே இருபதடிக் கன்டெய்னரில் அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்கிப் பதினொன்றே வைக்க முடிகிறது. மூலைகளில் இடம் வீணாகிறது. பிற்காலத்துச் சர்வதேசத் தரமும் ஒரே பாலெட் அளவை வகுக்கவில்லை. ஆறு அளவுகளை ஏற்றுக்கொண்டது. ஜப்பானில் 1,100 மில்லிமீட்டர் சதுரம், அமெரிக்காவில் அங்குலக் கணக்கு, ஐரோப்பாவில் வேறு. தண்டவாளத்தில் தீர்ந்த சண்டை இவ்வாறு பலகைத் தட்டில் மறுபடி தலைகாட்டியது.

இனித் தானியங்கி முறைக்கு வருவோம். பாலெட்டை எடுத்து மனித உதவியின்றி வேகனுக்குள் வைக்க ஒரு யந்திரத்தை வகுப்பவர் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கேட்பதற்கு எளியவை, ஒவ்வொன்றும் ஓர் அனுபவத்தின் விலை.

முதற்கேள்வி, வேகன் எங்கே நிற்கிறது என்பது. எஞ்சின் ஓட்டுநர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், நீண்ட ரயிலைச் சாண் பிசகாமல் நிறுத்த முடியாது. இணைப்புகளின் தளர்ச்சியால் ஒவ்வொரு வேகனும் சற்று முன்பின்னாக நிற்கும். ஒன்று, வேகனைத் தனியே இழுத்துக் குறித்த இடத்தில் நிறுத்த வேண்டும். அல்லது யந்திரமே தண்டவாளத்துக்கு இணையாக நகர்ந்து, ஒளிக்கதிராலும் காமிராவாலும் கதவின் விளிம்பைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி, தரையின் உயரம். வேகன் வில்களின்மேல் நிற்கிறது. சுமை ஏற ஏற அது தாழும். முதல் பாலெட்டை வைத்தபோது பிளாட்பாரத்துக்குச் சமமாக இருந்த தரை, கடைசி பாலெட்டை வைக்கும்போது கீழே இறங்கியிருக்கும். மனிதன் தன்னையறியாமல் முழங்காலை மடக்கிச் சமாளித்துக்கொள்வான். யந்திரத்துக்கு அந்த முழங்காலைச் செய்து கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எந்த பாலெட்டை எங்கே வைப்பது. கனமானவை ஒருபுறம் சேர்ந்தால் ஓட்டத்தில் வண்டி ஆடும். வேகமாகச் சென்றால் தடம் புரளவும் கூடும். பிரிட்டிஷ் ரயில்வே 1950-களில் பாலெட்டுகளுக்கென்றே மூடுவண்டிகள் பல கட்டிற்று. ஃபோர்க்லிஃப்டுக்கு வசதியாக அவற்றின் கதவுகள் அமைந்தன. ஆனால் சுமை சமமாக அமையாமல் அவை மோசமாக ஆடும் வண்டிகள் என்ற பெயரையே பெற்றன. ஏற்றுபவனின் வசதியை மட்டும் எண்ணி, ஓடும் வண்டியை எண்ணாததன் பயன் அது. மேலும், பாலெட்டுகளுக்கிடையே இடைவெளி இருந்தால் வேகன்களை மோதி இணைக்கும்போது சரக்கு நகர்ந்து நொறுங்கும். ஆகவே இன்றைய ஐரோப்பிய வேகன்களில் பக்கச் சுவர் முழுவதுமே நழுவித் திறக்கிறது. எந்த இடத்திலும் நேராக வைக்கலாம். இடையிடையே பூட்டும் தடுப்புகள் சரக்கைப் பிடித்துக்கொள்கின்றன. யந்திரத்தை வேகனுக்கு ஏற்றபடி வளைப்பதைவிட, வேகனை யந்திரத்துக்கு ஏற்றபடி திறப்பதே எளிது என்பது அங்கே கண்ட உண்மை.

நான்காவது, பாலெட்டின் நிலை. ஒரு பலகை உடைந்திருக்கலாம், ஓர் ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், அடுக்கு சாய்ந்திருக்கலாம். மனிதன் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவான். யந்திரமோ அதையும் எடுத்துச் சென்று, வேகன் வாயில் சிக்கவைத்து, ரயிலையே நிறுத்திவிடும். ஆகவே நல்ல தானியங்கி நிலையத்தில் வாசலிலேயே சோதனை உண்டு. எடை, உயரம், சாய்வு எல்லாம் அளந்து, தகுதியற்றதை ஒதுக்கிய பின்பே மற்றவை உள்ளே செல்லும். சிலவற்றில் உருளைகளின்மீதும் சங்கிலிகளின்மீதும் பாலெட்டுகள் வரிசையாக நகர்கின்றன. சிலவற்றில் ஓட்டுநரில்லாத வண்டிகள் அவற்றை எடுத்துச் செல்கின்றன.

இந்நான்கையும் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். தானியங்கி யந்திரத்தின் பாதி வேலை யந்திரத்துக்கு வெளியே முடிந்துவிடுகிறது. பாலெட்டின் அளவு, கதவின் அகலம், பிளாட்பாரத்தின் உயரம், சரக்குக் கட்டும் முறை ஆகியவற்றில் பலரும் முன்கூட்டியே ஒத்துப்போனால் யந்திரம் எளிதாகும். ஒத்துப்போகாவிட்டால் எத்தனை பொருள் செலவிட்டாலும் அது தடுமாறும். குளஸ்டர் நகரத்தின் பாடமும் இதுவே.

நம் நாட்டில் இது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? சிமெண்டு ஆலைகளில் ஓடும் பட்டை ஒன்று மூட்டைகளை வேகனின் கதவுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுக்கிறது. ஆனால் உள்ளே நின்று ஐம்பது கிலோ மூட்டையை வாங்கி அடுக்குபவன் மனிதன்தான். மூடு வேகனின் கதவு குறுகியது. உள்ளே இடம் நீளமானது. ஃபோர்க்லிஃப்ட் திரும்புவதற்கு வழியில்லை. அகலப் பாதைகளில் பெரும்பகுதி மின்மயமாகிவிட்டபடியால், தலைக்குமேல் மின்கம்பி உள்ள இடத்தில் கிரேன் கொண்டு தூக்கவும் இயலாது. சுமையேற்றும் பாதையைக் கம்பியில்லாமல் விட வேண்டும். அல்லது பக்கவாட்டில் ஏற்ற வேண்டும்.

தானியத்தில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் உள்ள உருளைக் களஞ்சியங்களிலிருந்து கோதுமை சாக்கில்லாமலே, மேலே ஏற்றி அடியில் திறக்கும் வேகன்களில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பிற இடங்களுக்கும் செல்ல, 2000-க்குப் பின் ஏற்பாடாயிற்று. உருவமுள்ள மூட்டையை மீண்டும் உருவமற்ற தானியமாக்கிவிட்டால் யந்திரத்துக்கு எளிது என்பது இதன் தத்துவம். பார்சல்களுக்கு, 2022-ஆம் ஆண்டில் ரயில்வேயும் அஞ்சல் துறையும் சேர்ந்து தொடங்கிய சேவையில், குறித்த அளவுள்ள பெட்டிகளில் சரக்கை அடைத்து ஏற்றும் முறை கொள்கையாக வைக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையின் கீழ், யந்திர வசதிகளோடு புதிய முனையங்களும் எழுந்து வருகின்றன.

இதுவரை சரக்கைப் பற்றிப் பேசினோம். சுமந்தவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்தது என்றால், மீதி நேரத்துக்குக் கூலி பெற்றிருக்க வேண்டியவர்கள் என்ன ஆனார்கள்? இக்கேள்வியைப் பெரும்பாலான பொறியியல் நூல்கள் கேட்பதில்லை. வரலாறு கேட்டாக வேண்டும்.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். யந்திரத்தைத் தொழிலாளர் எதிர்ப்பதில்லை. அதற்கு ஈடாக, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அவர்களுடைய வருமானத்துக்கும் முன்கூட்டிய ஓய்வுக்கும் நிதியாக ஒதுக்கப்படும். 1967-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், தனி மனிதன் சுமக்கும் பாரத்துக்கு வரம்பு வேண்டும் என்று தீர்மானித்தது. வயது வந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவுக்கு மேல் ஆகாது என்பது அதனோடு சேர்ந்த பரிந்துரை. மும்பையில் வாழும் நம்மவர்கள் மாத்தாடித் தொழிலாளர்களை அறிவார்கள். மராட்டியில் மாத்தா என்றால் தலை. தலையில் சுமப்பவர் மாத்தாடி. அவர்களுக்கென 1969-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம் ஒரு சட்டம் செய்தது. அதன்கீழ் ரயில்வேச் சரக்கு வேலைக்கும் தனி வாரியம் ஏற்பட்டது. தமிழ்நாட்டிலும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982-ஆம் ஆண்டில் வந்தது.

இவையும் அளவைப் பற்றிய உடன்பாடுகளே. பாலெட்டுக்கு 800-க்கு 1,200 என்று எழுதியது போலவே, மனிதத் தோளுக்கு 55 என்று எழுதினார்கள். ஆனால் பாலெட்டின் அளவு ஒரு கண்டம் முழுவதிலும் மதிக்கப்படுகிறது. தோளின் அளவுக்கு அத்தகைய மதிப்பு எல்லா இடத்திலும் இன்னும் கிட்டவில்லை. சரக்குக் கொட்டகைகளில் தண்ணீரும் நிழலும் ஓய்வறையும் இல்லாமல் மூட்டை தூக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். யந்திரம் வரும்போது முதலில் போகிறவர்களும் அவர்களே. யந்திரம் வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கு நன்மையாகாது. நூறு கிலோ மூட்டை முதுகெலும்பை முறித்த காலத்தை யாரும் திரும்ப அழைக்க மாட்டார்கள். யந்திரத்தை வகுக்கும் மேஜையில் வேகன் கதவுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடம் கொடுப்பதுபோல், சுமந்தவனின் நாளைய பிழைப்புக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காத சிக்கனம், மீட்டர் பாதை போட்டு மிச்சம் பிடித்த சிக்கனத்தைப் போன்றதே. ஒரு தலைமுறையின் லாபத்தை அடுத்த தலைமுறைகள் சுமந்து தீர்க்க நேரிடும்.

எங்கள் வீட்டு ஜாடி உடைந்துபோயிற்று. அதன் மூடி மட்டும் பிழைத்தது. அம்மா அதை வேறொரு ஜாடிக்குப் போட்டுப் பார்த்தாள். பொருந்தவில்லை, அளவு வேறு. இன்றும் அது டில்லி வீட்டு அலமாரியில் இருக்கிறது. இப்போது கும்பகோணத்திலிருந்து அகலப் பாதையிலேயே சென்னை வரலாம். எழும்பூரில் பாதை மாற்றும் தொல்லை இல்லை. என் தகப்பனார் எண்ணிய பத்து விரல்களில் சில மடங்கிவிட்டன. மடங்கிய ஒவ்வொரு விரலும் ஒரு மனிதனின் கூலியாக இருந்தது என்பதையும் நாம் மறவாதிருப்போமாக.